கல்வெட்டும் கணக்குச் சங்கிலியும்: அறக்கொடைக்கு பிளாக்செயின் எவ்வளவு தூரம் துணை வரும்?

அறத்துக்கென்று ஒருவர் கொடுத்த பொருள், சொன்ன காரியத்துக்குத்தான் செலவாயிற்றா? கொடை என்னும் பழக்கம் தோன்றிய நாளிலிருந்தே இந்தக் கேள்வியும் உடன் இருந்து வருகிறது. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர் பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடையாக அளித்தார். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவர். ஆடுகள் இறந்தாலும் முதுமை எய்தினாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிலைநிறுத்த வேண்டும் என்பதால் அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. முதலைத் தொடாமல் அதன் விளைவைக் கொண்டு மட்டும் அறம் நடத்தும் இந்த ஏற்பாட்டை, இன்றைய வங்கி வழக்கில் நிலையான வைப்பில் நடக்கும் அறக்கட்டளை எனலாம். கொடுத்தவர் பெயர், கொடுத்த பொருள், பெற்றவரின் பொறுப்பு ஆகிய மூன்றும் எல்லோரும் காணும்படி கோயில் சுவரில் வெட்டப்பட்டன.

ஏறத்தாழ அதே வாக்குறுதியைத்தான் பிளாக்செயின் என்னும் தொழில்நுட்பம் இன்று நமக்கு அளிக்கிறது. ஒருமுறை எழுதினால் அழிக்க இயலாது. யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். கணக்கை ஒருவர் மட்டும் கையில் வைத்துக்கொண்டு திருத்த முடியாது. ஆகவே நன்கொடைகளை இந்தத் தொழில்நுட்பத்தின் வழியே செலுத்தினால் முறைகேடு மறைந்துவிடும் என்ற விளம்பரங்கள் வாட்ஸ்அப்பிலும் சமூக ஊடகங்களிலும் வரத் தொடங்கியிருக்கின்றன. இந்த வாக்குறுதியில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பதை அறிந்துகொள்வது கொடுக்கும் மனமுடைய ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பயன் தரும். ஒருமுறை ஏமாந்த கொடையாளர் மறுமுறை கொடுக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்தின் விலையை ஏமாற்றியவர் கொடுப்பதில்லை. அடுத்த வெள்ளத்தில் வீடிழந்து நிற்கும் குடும்பம்தான் கொடுக்கிறது.

மொய் நோட்டிலிருந்து தொடங்கலாம்

பிளாக்செயின் என்றால் என்ன? திருமண வீட்டில் மொய் எழுதும் நோட்டை எல்லோரும் அறிவோம். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதப்படும். அந்த நோட்டு ஒரே ஒரு வீட்டில் இருக்கும்வரை, பின்னாளில் அதில் ஒரு சுழியைச் சேர்க்கவோ ஒரு பக்கத்தைக் கிழிக்கவோ அந்த வீட்டாரால் இயலும். இப்போது வேறொரு முறையைக் கற்பனை செய்யுங்கள். விருந்துக்கு வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு மொய்யும் உரக்கப் படிக்கப்பட, எல்லோரும் தத்தம் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். கணக்குப் பேரேட்டில் முந்தைய பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதுவோம் அல்லவா? அதுபோல, முந்தைய பக்கத்தில் உள்ள எழுத்துகள் அனைத்தையும் கொண்டு கணித்த ஒரு முத்திரை எண் அடுத்த பக்கத்தின் தலையில் இடம்பெறுகிறது. பழைய பக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும்; அதன்பின் வரும் பக்கங்கள் அனைத்தும் பொருந்தாமல் போகும். திருத்தியவர் உடனே அகப்படுவார்.

இந்த நோட்டுகளைக் கணினிகளாகவும், பக்கங்களைத் தரவுத் தொகுதிகளாகவும் எண்ணிக்கொண்டால் அதுவே பிளாக்செயின். தமிழில் இதைத் தொடரேடு என்றும் வழங்குகிறார்கள். யாரும் சேர்ந்துகொள்ளக்கூடிய பொதுத் தொடரேடுகள் உண்டு. பிட்காயின், எத்திரியம் போன்றவை இவ்வகை. அனுமதி பெற்ற சில நிறுவனங்கள் மட்டும் நோட்டு வைத்துக்கொள்ளும் தொடரேடுகளும் உண்டு.

இந்த உவமையிலேயே அதன் வரம்பும் அடங்கியிருக்கிறது. ஒருவர் மொய்க் கவரின் மேல் 1,000 ரூபாய் என்று எழுதி, உள்ளே 100 ரூபாயை வைத்து ஒட்டிக் கொடுத்தால், நூறு பேரின் நோட்டிலும் 1,000 என்றே பதிவாகும். நூறு நோட்டுகளும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தும். ஆனால் எல்லாமே பிழை. எழுதியதைத் தொடரேடு காக்கும். எழுதியது உண்மைதானா என்பதை அது அறியாது. அறக்கொடையைப் பொறுத்தவரை முழுச் சிக்கலும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது.

ஒரு ரூபாயின் பயணம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகில், தமிழும் மலையாளமும் ஒருசேரப் புழங்கும் ஊர் நல்லேப்பிள்ளி. இத்தகைய எல்லையோர ஊர்களில் கொடை பல வழிகளில் புறப்படுகிறது. கோயிலுக்குத் தலைக்கட்டு வரி, திருவிழாவுக்கு வீடு வீடாக வரும் ‘பிரிவு’, நோயுற்ற ஒருவருக்காக ஊரார் கூடி அமைக்கும் சிகிச்சை உதவிக் குழு, பேரிடர் வந்தால் முதலமைச்சரின் நிவாரண நிதி என அதன் வடிவங்கள் பல. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போதும், 2020 ஆகஸ்ட் 6 இரவில் இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் மண்சரிந்து 70 பேர் மாண்டபோதும், 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் நிலச்சரிவில் அழிந்தபோதும் எல்லையின் இருபுறமிருந்தும் உதவிகள் சென்றன. பெட்டிமுடியில் மாண்டவர்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர் என்பதால் அந்தத் துயரம் தமிழ்க் குடும்பங்களை மிக நெருக்கமாகத் தொட்டது.

இப்படிப் புறப்படும் ஒரு ரூபாய் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதற் கட்டம், கொடுப்பவர் சரியான கணக்குக்குத்தான் செலுத்துகிறாரா என்பது. இரண்டாவது, அந்தப் பணம் இடைவழியில் சிந்தாமல் செல்கிறதா என்பது. மூன்றாவது, அது தகுதியுடைய கைக்குச் சேர்கிறதா என்பது.

இவற்றுள் இரண்டாம் கட்டத்தின் பெரும்பகுதியை வங்கி முறை ஏற்கெனவே காத்து நிற்கிறது. யுபிஐ, நெஃப்ட் எதுவாயினும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி எண் உண்டு. 2021-22 நிதியாண்டு முதல், 80ஜி ஏற்பு பெற்ற அறநிறுவனங்கள் தங்களுக்கு வந்த நன்கொடைகளின் விவரத்தைப் படிவம் 10பிடி வழியாக வருமான வரித்துறைக்கு அளித்து, கொடையாளருக்குப் படிவம் 10பிஇ சான்றிதழை வழங்க வேண்டும் என்ற முறையும் வந்தது. எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. ஆயிரம் பேரின் பணம் ஒரே கணக்கில் கலந்த பிறகு, தன் பணம் எதற்குச் செலவாயிற்று என்பதைக் கொடையாளரால் காண முடிவதில்லை. இந்த இடத்தில் பிளாக்செயின் உதவக்கூடும்: நிதி எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, எப்போது, எவ்வளவு சென்றது என்பதை அது திறந்து காட்டும். ஆனால் அந்தப் பணம் அரிசியாகவும் சிமென்ட்டாகவும் மாறும் கணத்தில் அந்தச் சங்கிலி முடிந்துவிடுகிறது. அரிசி மூட்டை முகாமுக்கு வந்ததா என்பதைக் கணினி பார்ப்பதில்லை. அங்கே நிற்கும் ஒரு மனிதர்தான் பார்த்துப் பதிய வேண்டும்.

பணம் புறப்படும் இடம்

முதற் கட்டத்தில் நிகழும் மோசடிகளைப் பாருங்கள். 2020 மார்ச் இறுதியில் பிஎம் கேர்ஸ் நிதி தொடங்கப்பட்ட சில நாள்களிலேயே அதன் யுபிஐ முகவரியைப் போன்ற போலி முகவரிகள் உலவின. அவற்றுள் ஒன்று உண்மை முகவரியின் முற்பகுதியில் உள்ள கடைசி ஆங்கில எழுத்தை மட்டும் விட்டுவிட்டு உருவாக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் வயநாட்டு நிவாரணத்துக்காகப் பணம் திரட்டப்பட்டபோது, தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்பதால் முதலமைச்சர் நிவாரண நிதியின் கியூஆர் குறியீட்டையே கேரள அரசு திரும்பப் பெற நேர்ந்தது.

இத்தகைய ஏமாற்றைத் தொடரேடு தடுக்காது. போலி முகவரிக்கு அனுப்பிய பணத்தையும் அது அதே ஒழுங்குடன் பதிந்து வைக்கும். மேலும் ஒரு வேறுபாடு உண்டு. வங்கிக் கணக்கில் நடந்த மோசடியை 1930 என்ற எண்ணில் உடனே தெரிவித்தால், பணம் எடுக்கப்படுவதற்கு முன் அக்கணக்கில் முடக்கிவைக்க வாய்ப்பிருக்கிறது. பொதுத் தொடரேட்டில் கிரிப்டோ நாணயமாகச் சென்ற பணத்தைத் திருப்பித் தர அதிகாரமுடையவர் எவரும் இல்லை. மாற்ற முடியாமை நேர்மையான கணக்குக்கு அரண்; தவறிச் சென்ற பணத்துக்கு அதுவே பூட்டு.

பணம் சேரும் இடம்

மூன்றாம் கட்டமே எல்லாவற்றிலும் கடினமானது. 2018 வெள்ள நிவாரணத் தொகையின் ஒரு பகுதி தகுதியற்ற சிலரின் வங்கிக் கணக்குகளுக்குத் திருப்பிவிடப்பட்டதாக எறணாகுளத்தில் 2020ஆம் ஆண்டு வழக்குப் பதிவானது. 2023 பிப்ரவரியில் கேரள ஊழல் தடுப்புத் துறையினர் முதலமைச்சர் நிவாரண நிதிக்கான மருத்துவ உதவி விண்ணப்பங்களை மாநிலமெங்கும் ஆய்ந்தபோது, போலி மருத்துவச் சான்றுகளும், இடைத்தரகர்களின் தலையீடும், பல விண்ணப்பங்களில் ஒரே தொலைபேசி எண்ணும் இருந்ததாகத் தெரிவித்தனர்.

இந்த இரு நிகழ்வுகளிலும் பதிவேடு சிதைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பணம் எங்கே சென்றது என்பது வங்கிப் பதிவில் தெளிவாகவே இருந்தது. முறைகேட்டைக் கண்டறிய உதவியதும் அத்தகைய பதிவுகளே. பொய் நுழைந்த வாயில் வேறு: பயனாளி யார் என்று முதலில் எழுதிய கை.

இங்கே பிளாக்செயினுக்கு ஒரு சிறு பங்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு தன் மின்னாளுமை முகமையின் வழியே அமைத்துள்ள பிளாக்செயின் கட்டமைப்புக்கு ‘நம்பிக்கை இணையம்’ என்று பெயர். சான்றிதழ்களின் மெய்ம்மையைச் சரிபார்ப்பது இத்தகைய கட்டமைப்புகளின் முதன்மையான பயன்களுள் ஒன்று. மருத்துவமனை வழங்கும் சான்று வழங்கிய கணமே தொடரேட்டில் பதியப்படுமானால், வீட்டுக் கணினியில் அச்சிட்ட போலிச் சான்று உடனே பிடிபடும். ஆனால் மருத்துவரே நோயாளியைப் பாராமல் கையொப்பமிட்ட சான்று பிடிபடாது. முன்னது போலிப் பத்திரம். பின்னது பொய்ச் சாட்சி. முன்னதை இயந்திரம் தடுக்கும். பின்னதைத் தடுக்க நேரில் சென்று விசாரிக்கும் மனிதர் வேண்டும்.

இந்தியா கண்ட பெரிய சோதனை

கிரிப்டோ நாணயத்தைக் கொடையாகப் பெறுவதில் உள்ள நன்மையையும் இடரையும் நம் நாடு ஒருமுறை பெரிய அளவில் கண்டிருக்கிறது. 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலை உச்சத்தை நெருங்கியபோது, பாலிகான் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான சந்தீப் நெய்ல்வால் ‘கிரிப்டோ ரிலீஃப்’ என்ற நிதியைத் தொடங்கினார். உலகின் எந்த மூலையிலிருந்தும் சில நிமிடங்களில் கொடை வந்து சேர்ந்தது. வந்த ஒவ்வொரு கொடையும் பொதுவெளியில் தெரிந்தது. மே மாதத்தில் எத்திரியத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான விட்டாலிக் புட்டரின், தமக்கு அனுப்பப்பட்டிருந்த ஷிபா இனு என்னும் நாணயத்தில் ஏறத்தாழ 50 லட்சம் கோடி எண்ணிக்கையை இந்த நிதிக்கு வழங்கினார். அன்றைய விலையில் அதன் மதிப்பு 100 கோடி டாலருக்கும் மேல்.

ஆனால் ஆக்சிஜன் சிலிண்டரை ஷிபா இனு கொடுத்து வாங்க முடியாது. அதை முதலில் பணமாக்க வேண்டும். கொடைச் செய்தி வெளியானதும் அந்த நாணயத்தின் விலை சரிந்தது. அவ்வளவு பெரிய தொகுப்பை ஒரே நாளில் விற்றால் விலை மேலும் வீழும். ஆகவே சிறிது சிறிதாகவே விற்க வேண்டியிருந்தது. திரையில் தெரிந்த மதிப்பு முழுமையாகக் கைக்கு வரவில்லை. அதன்பின் சட்டம் குறுக்கே நின்றது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வெளிநாட்டு நன்கொடையைப் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள உரிய கணக்கில்தான் பெற வேண்டும். ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை மற்றொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரக் கூடாது. களத்தில் இயங்கும் சிறு அமைப்புகளுக்குப் பணத்தை விரைந்து பகிர்ந்தளிக்க இதனால் வழி குறுகியது. முடிவில் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 10 கோடி டாலர் புட்டரினிடமே திருப்பி அளிக்கப்பட்டு, இந்தியாவுக்கு வெளியே கொரோனா ஆய்வுப் பணிகளுக்குத் திருப்பிவிடப்பட்டது.

இதில் எவர் நேர்மையையும் ஐயுற வேண்டியதில்லை. சங்கிலி தன் வேலையைச் சரியாகவே செய்தது: கொடை விரைந்து வந்தது, வெளிப்படையாக வந்தது. வந்த பணத்தை மருந்தாகவும் படுக்கையாகவும் மாற்றுவதற்கு வேறு திறன்கள் வேண்டியிருந்தன.

பயன் விளைந்த இடம்

இவ்வாறு சொல்வதால் பிளாக்செயின் அறப்பணிக்கு உதவாது என்று முடிவு செய்துவிடலாகாது. ஐக்கிய நாடுகள் அவையின் உலக உணவுத் திட்டம் ‘பில்டிங் பிளாக்ஸ்’ என்ற பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கியது. 2017 தொடக்கத்தில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் சிறு சோதனை நடந்தது. அதே ஆண்டு மே மாதம் ஜோர்தானின் அஸ்ராக் முகாமில் 10,000 சிரிய அகதிகளுக்கு அது விரிவுபடுத்தப்பட்டது. அகதி ஒருவர் முகாமின் கடையில் பொருள் வாங்கியபின் கண் கருவிழியைக் கருவியின் முன் காட்டினால் போதும். அவருடைய உதவித்தொகையிலிருந்து விலை கழிக்கப்படும். ஒவ்வோர் அகதிக்கும் தனியே பணம் அனுப்பாமல் கடைக்காரருக்கு மொத்தமாகக் கணக்குத் தீர்ப்பதால் பரிமாற்றக் கட்டணம் பெருமளவு குறைந்தது. பின்னர் ஐ.நா. பெண்கள் அமைப்பும் இதே ஏட்டில் இணைந்தது. உக்ரைனில் போர் மூண்ட பின், பல உதவி அமைப்புகள் ஒரே குடும்பத்துக்கு ஒரே உதவியை இருமுறை வழங்குவதைத் தவிர்க்கவும் இந்த ஏடு பயன்பட்டது.

இங்கே ஏன் பயன் விளைந்தது? மூன்று காரணங்களைக் காணலாம். கிரிப்டோ நாணயத்தின் விலை ஏற்ற இறக்கம் இதில் நுழையவில்லை. பெறுபவர் யார் என்பதை ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஊழியர்கள் முன்பே நேரில் பதிந்து வைத்திருந்தார்கள். மூன்றாவதும் முதன்மையானதுமான காரணம், ஒன்றுக்கொன்று கணக்கை ஒப்படைக்க விரும்பாத பல அமைப்புகளுக்குப் பொதுவான ஓர் ஏடு தேவைப்பட்டது. ஒரே அமைப்பு மட்டும் எழுதி ஒரே அமைப்பு மட்டும் படிக்கும் கணக்குக்குப் பிளாக்செயின் தேவையில்லை. சாதாரணக் கணினிப் பேரேடே போதும்.

வெள்ளக் காலத்தில் ஒரு முகாமில் அரிசி மிகுந்து கிடக்க, அடுத்த முகாமில் குழந்தைகளுக்குப் பால் பொடி இல்லாத நிலையைக் கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும். ஊராட்சி, குடும்பஸ்ரீ, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், இளைஞர் மன்றம் என்று பலரும் உதவும் இடத்தில், யாருக்கு எது சென்றது என்ற பொது ஏடு ஒன்று இருந்தால் கொடை வீணாகாது. அந்த ஏட்டை ஊராட்சியே பேணலாம் என்று எல்லோரும் ஒப்பினால் ஒரு சாதாரண இணையப் பட்டியல் போதும். ஒப்பாத நிலையில்தான் தொடரேட்டுக்கு வேலை வருகிறது.

திறந்த கணக்கே முதன்மை

பிளாக்செயின் இல்லாமலே வெளிப்படை சாத்தியம் என்பதற்குக் கேரளமே சான்று தருகிறது. சவூதி அரேபியாவில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த கோழிக்கோடு மாவட்டத்துக்காரர் ஒருவரை மீட்க, 2024 ஏப்ரலில் 34 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. எவ்வளவு சேர்ந்தது என்பதை எவரும் எந்நேரமும் பார்க்கும்படி அதற்கென ஒரு கைப்பேசிச் செயலி இயங்கியது. தேவையான தொகையைக் கெடுவுக்கு முன்பே மக்கள் சேர்த்துவிட்டார்கள். அந்தச் செயலியின் பின்னால் இருந்தவை வழக்கமான வங்கிக் கணக்குகளும் யுபிஐயும்தான்.

குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் பணம் செலவாக வேண்டும் என்ற விருப்பத்துக்கும் வேறு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 2 அன்று தொடங்கப்பட்ட இ-ருபி என்னும் மின்னணுச் சீட்டு, எந்த நோக்கத்துக்கு வழங்கப்பட்டதோ அதற்கே செல்லும். குறுஞ்செய்தியாகவோ கியூஆர் குறியீடாகவோ பயனாளியின் கைப்பேசிக்கு வரும் இந்தச் சீட்டை உரிய இடத்தில் மட்டுமே பயன்படுத்த இயலும்.

மற்றொரு கேள்விக்கு எந்தத் தொழில்நுட்பமும் விடை சொல்லாது. 2021 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் மாட்டூலில் அரிய மரபணு நோய் கண்ட ஒரு குழந்தையின் மருந்துக்காக 18 கோடி ரூபாய் கேட்கப்பட்டது. வந்து குவிந்தது 46.78 கோடி ரூபாய். மிகுதியை இதே நோயுள்ள மற்றக் குழந்தைகளுக்குப் பயன்படுத்துவதாகக் குழுவினர் அறிவித்தார்கள். மிகுதி எவ்வளவு என்பதை ஏடு காட்டும். அதை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டியவர்கள் திரட்டுபவர்கள்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. வாரியங்களில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்குத் தகுதியற்றவர்கள் என்ற விதியும் அவற்றில் இருக்கிறது. கணக்கு கல்லில் இருந்தது. அதைக் கேட்கும் உரிமையும் கடமையும் சபையிடம் இருந்தன. பின்னது இல்லாமல் முன்னது மட்டும் விளக்கை எரியவைக்காது.

பெறுபவரின் மானம்

வெளிப்படைக்கு மறுபக்கமும் உண்டு. கொடுத்தவரின் பெயர் கல்லில் நிற்பது பெருமை. பெற்றவரின் பெயர் என்றென்றும் அழியாத ஏட்டில் நிற்பது பெருமையன்று. இன்று உதவி பெற்ற குடும்பத்தின் பெண் நாளை பணிக்கோ திருமணத்துக்கோ செல்லும்போது, அவள் நோயும் வறுமையும் எவரும் தேடிப் படிக்கும் பதிவாக இருக்கலாமா? 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம் தரவுகளைத் திருத்தவும் நீக்கவும் கோரும் உரிமையைத் தனிமனிதர்க்கு அளிக்கிறது. அழிக்க இயலாத ஏடும் அழிக்கக் கோரும் உரிமையும் ஒன்றோடொன்று எளிதில் பொருந்துவன அல்ல. ஆகவே பயனாளியின் பெயர், நோய், முகவரி ஆகியவற்றைத் தொடரேட்டில் நேரடியாகப் பதியும் எந்தத் திட்டத்தையும் ஐயத்துடன் அணுகுவது நல்லது.

நாம் செய்யத்தக்கவை

நல்ல மனத்துடன் கொடுக்கும் வாடிக்கையாளர்கள் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளலாம்.

பணம் அனுப்பும் முன், திரையில் தோன்றும் கணக்குதாரர் பெயரைப் படியுங்கள். பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பரிமாற்றங்களிலும் 2025 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் வங்கிகள் அளிக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். யாரோ அனுப்பிய கியூஆர் படத்தை நம்பாமல், உரிய அமைப்பின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து விவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு 80ஜி சலுகை கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இச்சலுகை இல்லை. இச்சலுகை பணமாகத் தரப்படும் கொடைக்கே உரியது. கிரிப்டோ நாணயத்தை அப்படியே கொடுப்பதற்கு அதைக் கோர இயலாது.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பணிபுரியும் உறவினர் உங்கள் ஊர் அமைப்புக்குக் கொடுக்க விரும்பினால், அவர் இந்தியக் குடியுரிமை உடையவராக இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பும் தொகை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால், அந்த அமைப்பு மேற்சொன்ன ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும் அல்லது முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும்.

ஊரில் சிகிச்சை உதவிக் குழு அமைப்பவர்கள் தனியொருவர் கணக்கில் பணம் பெறாமல், இருவராவது கூட்டாகக் கையொப்பமிடும் கணக்கைத் தொடங்குங்கள். வரவு செலவை வாரந்தோறும் ஊரறிய வெளியிடுங்கள். தேவையான தொகை சேர்ந்ததும் வசூலை நிறுத்துங்கள். மிகுந்தால் எதற்குச் செல்லும் என்பதை முதல் நாளே எழுதி அறிவியுங்கள்.

‘பிளாக்செயின் அடிப்படையிலான அறக்கட்டளை’ என்று எவரேனும் உங்களை அணுகினால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஏட்டில் எழுதுபவர் யார்? எழுதியது உண்மையா என்று களத்துக்குச் சென்று பார்ப்பவர் யார்? தவறு நேர்ந்தால் பொறுப்பேற்று ஈடு செய்பவர் யார்? மூன்றுக்கும் பெயரும் முகவரியும் உள்ள விடை கிடைத்தால் தயங்காமல் கொடுங்கள். அங்கே தொழில்நுட்பம் கொடைக்கு வலுச் சேர்க்கும். கிடைக்கவில்லை என்றால், உங்கள் பணம் காத்திருக்கட்டும். முகவரி தெரிந்த ஒரு மருத்துவமனையும், கணக்குக் காட்டும் ஓர் ஊர்க் குழுவும் பக்கத்திலேயே இருக்கக்கூடும்.